இன்னும் நாலு அடி

“உங்கள் படகு நன்றாக இருக்கிறதே” என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். “இது சும்மா, இப்போதைக்கு” என்பார். அந்த ‘இப்போதைக்கு’ வாங்கி 11 வருஷமாகிறது. 17 அடி நீளம், அலுமினிய உடம்பு, 60 குதிரைத்திறன் இஞ்சின். ஒரு மனிதரும் ஒரு நண்பரும் ஏறி உட்கார்ந்து சாயங்காலம் வரை பாஸ் மீன் பிடிக்க அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் அவர் வெறும் மனிதராக இருக்கப் போவதில்லை. கைடு ஆகப் போகிறார். அதோடு போட்டிகளிலும் இறங்கப் போகிறார். இரண்டுக்கும் பெரிய படகு வேண்டும். அது வந்ததும் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டெக்சஸில் இவரைத் தேடி அலைய வேண்டாம். டாலஸ் பக்கத்தில் எந்தத் தெருவிலும் ஒருவராவது குடியிருப்பார். வாரத்தில் ஐந்து நாள் இன்ஷூரன்ஸ் அலுவலகம், சனிக்கிழமை விடிவதற்கு முன் கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் லேக் ஃபோர்க். அடையாளம் சொல்கிறேன்: வீட்டு முகப்பில் கார் வெயிலில் காயும், கராஜுக்குள் படகு நிழலில் இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அளவு நாடா இருக்கும்.

அவருக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சரித்திரத்தோடு தெரியும். ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் 1967-ல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் முதல் பெரிய பாஸ் போட்டியை நடத்தினார் என்று ஆரம்பிப்பார். ‘இன்ஷூரன்ஸ்’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பார். அடுத்த வருஷமே அதே மாநிலத்தில் ஃபிளிப்பின் என்ற சின்ன ஊரில் ஃபாரஸ்ட் வுட் ரேஞ்சர் படகுகளைக் கட்ட ஆரம்பித்தார். 1971-ல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்த கட்டம் வரும்போது இவர் குரல் கம்மும். மீண்டும் கட்டியெழுப்பிய கட்டத்தில் நெஞ்சு நிமிரும். கடைசியில் விஷயத்துக்கு வருவார். “வுட் யார்? அவரும் கைடுதான். நல்ல படகு கிடைக்கவில்லை, அதனால் தானே செய்துகொண்டார். நான் வாங்கத்தானே போகிறேன்?”

இந்த வாதத்துக்கு அவர் மனைவியிடம் இதுவரை பதில் இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதில் இல்லாததற்கு அது காரணமாக இருக்க முடியாது.

கைடுக்கு ஏற்ற படகும் போட்டிக்கு ஏற்ற படகும் ஒன்றல்ல என்பதுதான் உண்மையான சிக்கல். கைடு என்பவர் காசு வாங்கிக்கொண்டு அந்நியர்களை ஏரிக்குள் கூட்டிப்போகிறவர். தூண்டில் கொடுக்க வேண்டும், மீன் இருக்கும் இடம் காட்ட வேண்டும், பிடித்த மீனை முள்ளிலிருந்து எடுக்க வேண்டும், போட்டோ பிடிக்க வேண்டும், வாடிக்கையாளரின் மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்கு அகலமான படகு வேண்டும். உயரமான விளிம்பு வேண்டும். இல்லையென்றால் தாத்தா தண்ணீருக்குள் போய்விடுவார். அலை தெறிக்கக் கூடாது. மூன்று பேர் ஒரே சமயத்தில் தூண்டில் வீசினால் ஒருவர் காது இன்னொருவர் முள்ளில் மாட்டாத இடைவெளி வேண்டும். வேகம் அவசியமே இல்லை.

போட்டிப் படகுக்கு எல்லாம் தலைகீழ். தாழ்வான விளிம்பு, தட்டையான மேடை, முன்பக்கம் நின்று வீச வசதி, பின்னால் 250 குதிரைத்திறன். விடிகாலையில் வரிசையாகப் புறப்படும்போது மற்றவர்களுக்கு முன்னால் நல்ல இடத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்ததில் கனமான ஐந்து மீன்களை மட்டும் லைவ்வெல் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, பகல் முடிவில் தராசுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் தாத்தாவுக்கு இடமில்லை.

இரண்டையும் ஒரே படகில் அடக்குவதுதான் அவர் எடுத்துக்கொண்ட காரியம். சித்தாந்தமே வைத்திருக்கிறார்: 18 அடியில் போட்டி நடக்கும், கைடு வேலை நடக்காது, சுக்கான் நடுவில் இருக்கும் 24 அடி சென்டர் கன்சோலில் கைடு வேலை நடக்கும், போட்டியில் சிரிப்பார்கள், 21 அடியில் இரண்டும் நடக்கும். (இரண்டும் பாதி பாதி நடக்கும் என்பது என் அபிப்பிராயம். சொல்லிப் பார்த்ததில்லை.)

குளிர்காலத்தில் படகுக் கண்காட்சி வந்தால் அவரைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஷூவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் படகில் ஏறுவார். மினுக்குத் தூள் கலந்த ஃபைபர்கிளாஸ் உடம்பு. பிரதிஷ்டையான விக்கிரகத்தைத் தொடுவதுபோல் ஒரு விரலால் தொடுவார். முன்மேடைக்குப் போய்க் கால் அகட்டி நின்று, கையில் எதுவும் இல்லாமலே தூண்டில் வீசுவார். முன்னால் காப்பிக் கடை வரிசையில் நிற்கிறவர்கள் தன்னிச்சையாகத் தலை குனிவார்கள். பிறகு சுருட்ட வேண்டும். சுருட்டுவார். வரவில்லை. மறுபடி வீசுவார்.

அடுத்தது மூடிகள். பாஸ் படகின் மேடை முழுக்க மூடிகள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அறை. அத்தனையையும் திறந்து, ஒரு சாண் உயரத்தில் கையை விட்டுவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார். ‘டொப்’ என்று விழுந்தால் நல்ல படகு. ‘டங்’ என்றால் மலிவு. லைவ்வெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஆழம் பார்ப்பார். வெளியே எடுத்த கையை முகர்ந்தும் பார்ப்பார். எதற்கென்று கேட்டேன். “புதுசு” என்றார், கண்ணை மூடிக்கொண்டே. விற்பனைப் பையன்கள் அவர் பக்கம் வருவதில்லை. அவர்களுக்கு இவரைப் பழக்கம். சந்தேகம் வந்தால் இவரிடம்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இத்தனை ஆயத்தமும் எந்த ஏரிக்கு என்று பார்க்க வேண்டும். லேக் ஃபோர்க் 1980-ல் அணை கட்டி உண்டான நீர்த்தேக்கம். சுமார் 27,000 ஏக்கர். மீனுக்கு நல்லது என்று ஏராளமான மரங்களை வெட்டாமலே தண்ணீர் விட்டார்கள். மீனுக்கு நல்லதாகத்தான் போயிற்று. செத்த மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலும் கீழும் நிற்கின்றன. மிதவை போட்டுக் குறித்த படகுப் பாதையை விட்டு விலகினால் 250 குதிரைகளையும் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டுதான் போக வேண்டும். பறந்தால் அடிப்பாகம் அடிமரத்துக்கு. போதாக்குறைக்கு அங்கே 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை உள்ள பாஸ் மீனை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் நீளமுள்ளது நாளைக்கு ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். ஆகவே அவர் முழங்கையால் அளந்த தொட்டிக்குள் அவர் கனவு காணும் மீன்களில் அநேகமாக எதுவும் ஏறவே முடியாது.

இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். “லேக் ஃபோர்க்கில் மட்டும்தானா போட்டி?” என்பார். அவர் இதுவரை வேறெங்கும் போனதில்லை. படகு சின்னது என்பதால்.

அவர் பொருளாதாரம் தனிக் கலை. புதிய 21 அடிப் படகு, இஞ்சின், டிரெய்லர், 36 வோல்ட் டிரோலிங் மோட்டார், முன்னால் இரண்டு திரை பின்னால் இரண்டு திரை, கார்மின் லைவ்ஸ்கோப் என்று சேர்த்துக்கொண்டே போனால் விலை லட்சம் டாலரைத் தொட்டுவிடும். லைவ்ஸ்கோப் 2018-ல் வந்த சோனார். படகுக்கு முன்னால் நீருக்குள் மீன் அசைவதை அப்போதைக்கப்போதே திரையில் காட்டும். மீன் தூண்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதையும் காட்டும். முன்பெல்லாம் அந்த அவமானம் நமக்குத் தெரியாமல் இருந்தது. முழு வேகத்தில் ஓட்டினால் அந்த இஞ்சின் மணிக்கு 20 கேலனுக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். இழுத்துப்போக இப்போதிருக்கும் கார் போதாது, பிக்கப் வேண்டும். கராஜில் நுழைய டிரெய்லரின் மூக்கு மடங்க வேண்டும். மடங்கியும் இரண்டு அங்குலம் இடிக்கிறது என்பதால் சுவரிலிருந்த அலமாரி ஏற்கனவே இடம் பெயர்ந்துவிட்டது.

பணத்துக்கு வழி? கைடு வேலையில் சம்பாதிப்பார். கைடு வேலைக்கு ஆள் வர வேண்டுமென்றால் போட்டியில் பெயர் வர வேண்டும். பெயர் வரப் பெரிய படகு வேண்டும். அவர் குறிவைத்திருக்கும் போட்டியில் முதல் பரிசு என்ன தெரியுமா? பெரிய படகு.

மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார். மாதத் தவணை, காப்பீடு, பெட்ரோல் எல்லாம் கூட்டி, அந்தக் காசில் லேக் ஃபோர்க்கின் நல்ல கைடு ஒருவரையே மாதம் ஒரு சனிக்கிழமை அமர்த்தலாம், இரவுச் சாப்பாட்டுக்கும் மிச்சமிருக்கும் என்று காட்டினார். இவர் பேப்பரை நிதானமாகப் படித்தார். கூட்டலில் தப்பில்லை. “ஆனால் அந்தக் கைடிடம் என்னைவிடப் பெரிய படகு இருக்குமே” என்றார்.

நானும் என் பங்குக்கு இரண்டு கதைகள் சொல்லிப் பார்த்தேன். டெக்சஸின் மிகப் பெரிய பாஸ் மீன், 18.18 பவுண்டு, இதே லேக் ஃபோர்க்கில் 1992 ஜனவரியில் கிடைத்தது. பிடித்த பாரி செயின்ட் கிளேர் அன்றைக்கு பாஸ் பிடிக்கவே போகவில்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்குச் சின்ன மீனைக் கோத்துப் போட்டிருந்தார். உலக சாதனை அதைவிடப் பழசு. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, மழையில் உழ முடியாமல் மீன் பிடிக்கப் போய், 22 பவுண்டு 4 அவுன்ஸில் ஒன்றைத் தூக்கினார். படகு, தானே பலகை அடித்துச் செய்தது. மீனை எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 2009-ல் ஜப்பானில் ஒருவர் அதைச் சமன் செய்ததோடு சரி.

நம் ஆள் நெடுநேரம் யோசித்தார். “பாவம்” என்றார் கடைசியில். “பெர்ரியிடம் 21 அடிப் படகு இருந்திருந்தால்?”

உரிமம் விஷயத்திலும் அவர் கவனமானவர். கூட்டாட்சி நீர்வழி என்று கணக்கில் வரும் நீர்நிலைகளில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கடலோரக் காவல்படையின் உரிமம் வேண்டும். ஆறு பயணிகள் வரை ஏற்றலாம் என்பதால் அதை ‘சிக்ஸ் பேக்’ என்கிறார்கள். அதற்குப் படகோட்டிய அனுபவம் 360 நாள் காட்ட வேண்டும். கண்காட்சிப் படகில் உட்கார்ந்த நாள்களைச் சேர்க்க அனுமதித்தால் அவர் எப்போதோ தேறியிருப்பார்.

கடைசியில் ஒரு வசந்தத்தில் வாங்கியேவிட்டார். 21 அடி. தெருவே வந்து பார்த்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு மூடியைத் திறந்து காட்டினார். லேக் ஃபோர்க்கில் முதல் வாடிக்கையாளரும் கிடைத்தார்: ஹூஸ்டனிலிருந்து ஒரு பெரியவர், அவர் மனைவி, பேத்தி. படித்துறையில் நின்று படகை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்த அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பாத்ரூம் எங்கே?”

21 அடி பாஸ் படகில் எத்தனையோ அறை உண்டு. அது மட்டும் கிடையாது. அந்தக் காலை முழுவதும் படகு கரையைவிட்டு அதிக தூரம் போகவில்லை. பேத்தி படித்துறைப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ரொட்டித் துண்டால் கைநீளமில்லாத மீன்களைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை டீலருக்குப் போன் போட்டார். 24 அடி சென்டர் கன்சோலில் சிலவற்றுக்குக் கன்சோலுக்கு அடியிலேயே கழிவறை உண்டாம். அதை வைத்துக்கொண்டு போட்டிக்கும் போகலாம், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று என்னிடம் விளக்கினார். இந்தப் படகை எடுத்துக்கொண்டு என்ன தருவார்கள் என்று கேட்டேன். அதில் கவலையே இல்லை என்றார். டீலர் முதலில் கேட்டது இஞ்சின் ஓடிய மணிக்கணக்கைத்தானாம். புது இஞ்சினை முதல் 10 மணி நேரம் பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்பது விதி.

“அந்தப் பத்தே இன்னும் முடியவில்லை என்றேன்” என்றார், முகமெல்லாம் பெருமையாக. “இவ்வளவு அருமையாகப் படகு வைத்துக்கொள்கிறவரை அவர் சர்வீஸில் பார்த்ததில்லையாம்.”