பெரியப்பாவின் வேதியியல்

மணப்பெண்ணுக்கு அட்சதை போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும், "இந்தப் பொண்ணுங்க ஏந்தான் மூஞ்சியில இப்படி அப்பிக்கிறாங்களோ!" என்று அலுத்துக்கொள்ளும் பெரியப்பா ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. வரன் தேடியபோது, "பொண்ணு நல்ல சிவப்பா இருக்கணும்" என்று தரகரிடம் கறாராகச் சொன்னவரும் அவரேதான்.

'ஃபேர் அண்ட் லவ்லி' சிவப்பழகு க்ரீம் 1975இல் கடைக்கு வந்தது. 2020இல் அதன் பெயரில் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. க்ரீம் திருந்த 45 வருஷம். பெரியப்பாவுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

மேக்கப்புக்கான முழுப் பழியையும் அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. எச்.டி. கேமரா ஒவ்வொரு பருவையும் பெரிதாக்கித் திரையில் காட்டிவிடும். அதை மறைக்க ப்ரைமர், அதன்மேல் ஃபவுண்டேஷன், கன்சீலர், ஓமப்புகையில் வியர்த்துக் கரையாமலிருக்கப் பவுடர். பூச்சில் டைட்டானியம் டையாக்ஸைடு இருந்துவிட்டால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகம் மட்டும் வெளுத்து, கழுத்து வேறொருவருடையதுபோல் ஆல்பத்தில் நிற்கும். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டிலும் இதே சரக்குதான். ஆகவே, "சுவத்துக்குப் பூசின மாதிரி" என்று பெரியப்பா சொல்வது வேதியியல்படி சரி. ஒப்புக்கொள்ள எனக்கும் வருத்தம்தான்.

முகூர்த்தத்துக்கு முன், மணப்பெண் அறைக்கு எதிர் அறையில் மாப்பிள்ளைக்கும் அதே ஃபவுண்டேஷன் ஏறிக்கொண்டிருந்தது. பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தார்.