மேதைப் பட்டம் எப்போது கிடைக்கும்?

கேள்வி: ஓர் இயக்குநரை 'மேதை' என்று எப்போது ஒப்புக்கொள்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த பிறகு! ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958இல் வந்தபோது விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சிறந்த இயக்குநர் ஆஸ்கருக்கு ஐந்து முறை பரிந்துரை; கைக்கு ஒன்றும் வரவில்லை. பாரிஸில்தான் சில இளவட்டங்கள் 'இவர் வெறும் திகில் வியாபாரி இல்லை, கலைஞர்' என்று சாதித்தார்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ, அவரை நாள்கணக்கில் பேட்டி கண்டு 1966இல் புத்தகமே போட்டார். 1980இல் ஹிட்ச்காக் காலமானார். 1982இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் தலைசிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 'வெர்டிகோ' முதல் பத்துக்குள் நுழைந்தது. அதே கணிப்பில் 2012இல் 'சிட்டிசன் கேன்' படத்தையே தள்ளிவிட்டு முதலிடம். படம் என்னவோ அதே படம்தான்! 2022இல் ஷாந்தால் அகெர்மானின் 'ஜான் டீல்மான்' வந்து அதை இரண்டாமிடத்துக்கு இறக்கியது. அகெர்மானும் 2015லேயே காலமானவர்.