பாம்பு சார்

அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஏரியை ஒட்டி மனை போட்ட எந்த நகருக்குப் போனாலும் ஒரு பாம்பு சார் இருப்பார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர். பாம்பு பிடித்தவரல்ல, பிடிக்க வந்தவருக்குப் பத்தடி பின்னால் நின்று யோசனை சொல்லியே பேர் வாங்கியவர். ஐப்பசி மழையில் ஷூ ஸ்டாண்டில் சுருண்டிருப்பது சாரையானாலும் தண்ணிப் பாம்பானாலும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: "கண்ணாடி விரியன். யாரும் மூச்சு விடாதீங்க." வடநெம்மேலியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கும்போதே தன்னிடம் யோசனை கேட்டார்கள் என்பார். பாம்பு பிடிப்பதற்காக 2023-ல் பத்மஸ்ரீ வாங்கிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அவர் வாயில் "நம்ம வடிவேலு, நம்ம மாசி".

மாடி வீட்டுப் பையனின் வளர்ப்புப் பாம்பு தொட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு தப்பித்த நாள்தான் அவருக்குத் தீபாவளி. கீழ் வீட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடந்தது. ஆப்பிரிக்க இனம், விஷமில்லை. பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். சார் டார்ச்சும் ஒட்டடைக் குச்சியுமாக வந்து சேர்ந்தார்.

"மலைப்பாம்புக் குட்டி. அம்மா பின்னாலேயே வரும்."

"இல்ல அங்கிள், பால் பைத்தான்."

"பேர்லயே பால் இருக்கே! ஏம்மா, அரை டம்ளர் கொண்டாங்க."

திருவேற்காட்டுப் புற்றுக்கு ஆடி தவறாமல் பால் ஊற்றுகிற வீடு. கீழ் வீட்டு அக்கா மறுபேச்சில்லாமல் ஆவின் பச்சைப் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றி, பழக்கதோஷத்தில் அரை ஸ்பூன் சர்க்கரையும் போட்டுவிட்டாள். பாம்பு அந்தப் பக்கம் நாக்கைக்கூட நீட்டவில்லை.

"கூச்சப்படுது" என்றார் சார். பாம்புக்குப் பால் செரிக்காது, தாகத்தில் தவிக்கவிட்டால்தான் வாய் வைக்கும் என்று பையன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

"அப்ப என்னதான் தின்னும்?"

"எலி அங்கிள். ஃப்ரீசர்ல இருக்கு. வெந்நீர்ல வெச்சு எடுத்து இடுக்கியில கொடுக்கணும்."

பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால் இத்தனை நாள் இருந்தது என்ன என்று பையனின் அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பாம்பை யாரும் கவனிக்கவில்லை.

சார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "லைசென்ஸ் இருக்கா?" நியாயமான கேள்விதான். நம்மூர்ச் சாரையைத் தொட்டியில் வைத்தாலே 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். இந்த மாதிரி வெளிநாட்டு இனத்துக்கும் 2024-ல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். பையன் செல்போனை நீட்டினான். சார் மேலிருந்து கீழ்வரை படித்து, "கரெக்டாத்தான் இருக்கு" என்று பாஸ் போட்டார்.

பையன் குனிந்து இரண்டு கையாலும் பாம்பை அள்ளினான். "மெதுவா... அப்படித்தான்..." என்ற குரல் கேட்டுக்கு வெளியிலிருந்து வந்தது.

மறுநாள் டீக்கடையில் பாம்பு ஒன்பதடி. அரை டம்ளர் பாலும் ஒரே உறிஞ்சில் காலி.