விளக்கெண்ணெய்

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நான் ஜிம்முக்குப் போவதில்லை. மருந்துக்கடைப் பையன் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "டெஸ்டோஸ்டிரோனா? ஜிம்முக்கா சார்?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தான். பிறகு என் தொப்பையைப் பார்த்தான். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

விஷயம் வேறு. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி உண்டல்லவா, உடம்பின் தலைமைச் செயலகம்? எனக்கு அங்கே கட்டி வந்து, மூக்கு வழியாக எடுத்தார்கள். கட்டியோடு கீழே ஆணை அனுப்பும் பிரிவும் போய்விட்டது. விரைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. மேலிடத்து உத்தரவு வராததால் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. வாரம் ஒரு முறை சவரம் செய்தால் போதும் என்று ஆனபோது, பிளேடு செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்ட ஆள் நான்.

"மாத்திரை கிடையாதா டாக்டர்?" என்று கெஞ்சினேன். வெறும் டெஸ்டோஸ்டிரோனை விழுங்கினால் கல்லீரல் வாசலிலேயே மறித்துச் சிதைத்துவிடுமாம். அதனால் அதற்கு ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டி, எஸ்டர் ஆக்கி, எண்ணெயில் கரைத்துப் பிட்டத்தில் இறக்குகிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தத்துக்கு வந்ததும் வால் நறுக்கப்படும். வால் நீளமாக இருந்தால் அதிக நாள் தங்கும்.

முதலில் எனக்கு வாய்த்தது கலவை ஊசி. 1 மில்லியில் 250 மில்லிகிராம், நாலு எஸ்டர், கடலை எண்ணெயில். எல்லாம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரிதான். 30 மில்லிகிராம் புரோப்பியோனேட், தாம்பூலப் பையை வாங்கியதும் கிளம்பிவிடும். 100 மில்லிகிராம் டெக்கனோயேட் பாயை விரித்துப் படுத்துவிடும். 3 வாரத்துக்கு ஒரு ஊசி. முதல் வாரம் வாட்ச்மேனோடு சண்டை. மூன்றாவது வாரம் சீரியலில் மாமியார் அழுதால் நானும் அழுவேன். இதை என் மனைவி காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டாள். பட்டுப்புடவை கேட்டதெல்லாம் மூன்றாவது வாரத்தில்தான்.

இதற்கிடையில் என் மைத்துனன், போன ஆவணியில் கல்யாணமானவன், "மாமா, எனக்கும் அசதியா இருக்கு, ஒண்ணு போடச் சொல்லுங்களேன்" என்றான். டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் ரத்தம் எடுத்து, இரண்டு முறை குறைவாக இருந்தால்தான் பேச்சே என்றார். வெளியிலிருந்து சரக்கு வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும்; விந்தணு சரிந்துவிடும். எனந்தேட் என்ற எஸ்டரை வாரம் 200 மில்லிகிராம் போட்டு, ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. மைத்துனனுக்கு அசதி அந்த நிமிஷமே பறந்துவிட்டது.

ரத்தம் கெட்டியாகிறதா, புராஸ்டேட் எப்படி இருக்கிறது என்று அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், என் மூன்றாவது வாரக் கண்ணீரையும் கேட்டுவிட்டு அன்டெக்கனோயேட் என்ற எஸ்டருக்கு மாற்றினார். 1,000 மில்லிகிராம். இரண்டாவது ஊசி 6 வாரத்தில். அப்புறம் 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. ஆனால் எண்ணெய் 4 மில்லி. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், இரண்டு நிமிஷமாவது. என் மகள் வயது நர்ஸ் அந்த இரண்டு நிமிஷமும், "அங்கிள், எந்த ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தீங்க?" என்று பேச்சுக் கொடுத்தாள். வேட்டி பாதி இறங்கிய நிலையில் ஒரு மனிதன் எந்தப் பள்ளியின் பெயரைச் சொல்வான்?

எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் இருமல் வரலாம் என்று அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, மருந்துப் பெட்டியில் இருந்த தாளைப் படித்தேன். விளக்கெண்ணெயில் கரைத்தது என்று போட்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனைவியிடம் சொன்னேன்.

"26 வருஷமா நான் சொன்னதை இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரா?" என்றாள்.

அடுத்த ஊசி பொங்கல் கழித்து. அந்த வாரம் வீட்டுக்கு வந்தால் தாராளமாகக் காப்பி சாப்பிடுங்கள். என்னை மட்டும் உட்காரச் சொல்லாதீர்கள்.