ஜெயித்தால் மட்டும் வரும் பங்காளி

பெரம்பலூரில் சூதாட்ட விடுதி கிடையாது, அரியலூரிலும் கிடையாது. பச்சை விரிப்பு போட்ட மேசையில் ஒருவர் கோட்டு சூட்டோடு நின்று சீட்டு போடுவதைப் பார்க்க வேண்டுமானால் கோவா போய், மாண்டவி ஆற்றில் மிதக்கும் கப்பலில் ஏற வேண்டும். ஆனால் சூதாட்ட வரியைப் பற்றி எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் நடக்கிற ஆராய்ச்சி கோவாவில்கூட நடக்காது. அதற்கு நானே சாட்சி. எங்கள் ஊரில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு ரிட்டன் போட்டுக் கொடுக்கிற எவரும் ஆடிட்டர்தான். நானும் அந்த வகை. சி.ஏ. முடிக்காதவனை ஆடிட்டர் என்று கூப்பிடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். "சரிங்க ஆடிட்டர் சார்" என்றார்கள்.

வருகிறவர்கள் பள்ளி ஆசிரியர்கள், சிமெண்ட் ஆலை ஊழியர்கள், சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருப்பவர்கள். வேலை முடிந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள்: "சார், சும்மா கேக்குறேன், லாட்டரி விழுந்தா எவ்வளவு பிடிப்பாங்க?" சும்மா கேட்கிறவரின் சட்டைப்பையில் கேரளச் சீட்டு எட்டிப் பார்க்கும்.

முப்பது சதவீதம் என்பேன். அதன்மேல் கல்வி, சுகாதாரம் என்று 4 சதவீத செஸ், ஆக 31.2. "நம்ம வருமானத்துக்கு வரியே கிடையாதுன்னு போன வருஷம் சொன்னீங்களே?" என்று கேட்பார். அது உழைத்துச் சம்பாதித்த வருமானத்துக்கு. குலுக்கலில் வந்தது ஒரு ரூபாயாக இருந்தாலும் அடிப்படை விலக்கு கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்றே 115பிபி என்று தனிப் பிரிவு வைத்தார்கள். லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் எல்லாம் அதில் ஒரே வரிசையில் நிற்கும். கூடவே, பாவம், குறுக்கெழுத்துப் போட்டியும் நிற்கும். ஒரு காலத்தில் பரிசுக் குறுக்கெழுத்து மோகம் இந்த நாட்டை எப்படி ஆட்டியதென்றால், அதை அடக்க 1955-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதனால்தான் பேனாவும் கையுமாக உட்கார்ந்த வாத்தியாரும் ரேஸ் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவரும் ஒரே பெஞ்சில். 2025-இல் வருமான வரிச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். பிரிவு எண்கள் மாறின, 30 மாறவில்லை.

இந்தச் சட்டத்தின் உண்மையான சுவை செலவுக் கணக்கில் இருக்கிறது. நூறு சீட்டு வாங்கி ஒன்றில் பரிசு விழுந்தால், மற்ற 99 சீட்டின் விலையைக் கழித்துக்கொள்ள முடியாது. எங்கள் பக்கம் பங்காளி என்று ஓர் உறவு உண்டு. நிலத்தில் பங்கு கேட்டு வருவான். கடனில் பங்கு கேட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அரசாங்கம் அந்த முறையில்தான் நமக்குச் சொந்தம்.

வள்ளுவரும் சூதுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், 94-ஆவது. அதற்கு முந்தைய 93 கள்ளுண்ணாமை. வள்ளுவர் அடுத்தடுத்து வைத்து எச்சரித்த இரண்டையும் பின்னால் வந்த அரசுகள் அடுத்தடுத்த வருவாய் இனங்களாக எடுத்துக்கொண்டன. 95-ஆவது அதிகாரம் மருந்து. அதற்கு ஜிஎஸ்டி.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தமிழ்நாடு அரசே பரிசுச்சீட்டு விற்ற காலம் நினைவிருக்கும். 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அதன் முழக்கம். 2003-இல் ஜெயலலிதா அரசு லாட்டரியை மொத்தமாகத் தடை செய்தது. அதோடு பழக்கம் நின்றதா? பஸ் ஏறிப் பாலக்காட்டுக்குப் போனது. 2023-இல் கேரளத்தின் திருவோணம் பம்பரே திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேருக்கு விழுந்தது. செய்தி வந்த வாரம் என் அலுவலகத்தில் 'சும்மா கேட்கிறவர்கள்' கூட்டம் இரட்டிப்பானது.

அவர்களுக்காகவே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். 2022-இல் அந்த பம்பரின் முதல் பரிசை 25 கோடி ஆக்கினார்கள். சீட்டு 500 ரூபாய். முதலில் ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், இரண்டரைக் கோடி. மிச்சம் 22.5 கோடியில் டிடிஎஸ் 6.75 கோடி. கைக்கு வருவது 15.75 கோடி. இதோடு முடிந்தது என்று நினைத்துப் பங்களாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் தீர்ந்தது. அப்போதைய சர்சார்ஜ் 37 சதவீதம். வருமானத்தின் மேல் அல்ல, வரியின் மேல் வரி. அது ஏறக்குறைய இரண்டரைக் கோடி. எல்லாவற்றின் மேலும் செஸ் 37 லட்சம். கடைசியில் நிற்பது 12 கோடியே 88 லட்சம். இதைப் படித்துக் காட்டியபோது லாரிக்காரர் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாதியில்ல போயிடுது! கேக்க ஆளே இல்லையா சார்?" அவருக்குப் பரிசு எதுவும் விழுந்திருக்கவில்லை. விழாத பணத்துக்கு விழுந்த வரியே அவரை இந்தப் பாடு படுத்தியது.

பாலக்காடு வரை போக நேரமில்லாதவர்களுக்கு உள்ளூரில் 'மூணு நம்பர்' இருக்கிறது. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் துண்டுச் சீட்டில் எழுதி விற்பது. சட்டவிரோதம், விற்றவர் கைது என்று பேப்பரில் அடிக்கடி வரும். அங்கே டிடிஎஸ் கிடையாது, எஃப்ஐஆர் உண்டு. ஆனால் அந்தப் பணத்துக்கும் வரி உண்டு. வந்தது வருமானமா என்றுதான் சட்டம் கேட்கும்; நல்ல வழியில் வந்ததா என்பது போலீஸ் பார்க்கிற வேலை.

ரம்மி கதை வேறு. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோதும், 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிற்கவைத்து, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் பையன்கள் அன்றைக்குத் தங்களுக்கே திறமைச் சான்றிதழ் கிடைத்த மாதிரி நடந்தார்கள். வருமான வரித்துறை அந்தச் சான்றிதழைப் பார்க்கவேயில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, 2023 ஏப்ரலிலிருந்து இணைய விளையாட்டில் வென்ற நிகரத் தொகைக்குப் லாட்டரிக்கு உள்ள பத்தாயிரம் ரூபாய் வரம்புகூட இல்லாமல் 30 சதவீதம் பிடித்தம்.

பிடித்தம் போனால் போகட்டும், அது பதிவாகிறதே, அதுதான் ஆபத்து. 2025 ஆகஸ்டில் அரியலூரிலிருந்து ஒரு சிமெண்ட் ஆலை ஊழியர் மனைவியோடு வந்தார். வீட்டுக் கடனுக்கு ரிட்டன் வேண்டும். வருமான வரித்துறை வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தேன். சம்பளம், வங்கி வட்டி, அதற்குக் கீழே இணைய விளையாட்டு வெற்றித்தொகை, ரூபாய் 64,000. நான் சுட்டியைச் சட்டென்று கீழே உருட்டினேன். அந்த அம்மா கண் வேகம் அதிகம்.

"அது என்ன சார், விளையாட்டு?"

நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கப் போனேன்.

"அறுபத்து நாலாயிரம் ஜெயிச்சீங்களா? எங்கங்க அது?"

அவரால் பதில் சொல்ல முடியாது. இந்தச் செயலியில் ஜெயித்ததை இன்னொரு செயலியில் விட்டிருந்தார். வென்றதற்கு மத்திய அரசின் ஆவணம் இருக்கிறது. தோற்றதற்கு அவர் வாய் வார்த்தையைத் தவிர ஆதாரம் இல்லை. அந்தத் தோல்வியை இந்த வெற்றியில் கழிக்கச் சட்டமும் விடாது, சம்சாரமும் விடமாட்டார். அதே மாதம்தான் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே நாடாளுமன்றம் தடை செய்தது. தடை செய்த ஆட்டத்துக்கு வரி எதற்கு என்று ஊழியர் கேட்டார். ஆட்டம் போன வருஷத்தது, தடை இந்த வருஷத்தது என்றேன். "உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதாவது பங்கு இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அமெரிக்காவில் எப்படி என்று அக்கா மகனைக் கேட்டேன். கலிஃபோர்னியாவில் வேலை; விடுமுறை என்றால் லாஸ் வேகாஸ்; அங்கே வீடியோ போக்கர். திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினால் மெஷின் புதுச் சீட்டு கொடுக்கும். ஒரே அடியில் 1,200 டாலர் விழுந்தால் மெஷின் பூட்டிக்கொள்ளும். ஊழியர் ஒருவர் வரிப் படிவத்தோடு வாழ்த்துச் சொல்ல வருவார். 2026 முதல் அந்த வரம்பு 2,000. வேகாஸ் இருக்கும் நெவாடாவில் மாநில வருமான வரியே கிடையாது. ஆனால் கலிஃபோர்னியாவில் குடியிருப்பவன் எங்கே போய் ஜெயித்தாலும் கலிஃபோர்னியா விடாது. ஒரே ஆறுதல், தோற்ற பணத்தை ஜெயித்த பணத்தில் கழிக்கலாம். அதையும் 2026 முதல் மத்திய வரியில் 90 சதவீதம்தான் என்று ஆக்கிவிட்டார்கள். லட்சம் ஜெயித்து லட்சம் தோற்றவன் பத்தாயிரத்துக்கு வரி கட்ட வேண்டும்.

"ஆனா ரிவார்ட்ஸ் இருக்கு மாமா. ரூம் ஃப்ரீ, பஃபே ஃப்ரீ."

"எவ்வளவு விட்டதுக்குடா?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

இங்கே ரிவார்ட்ஸ் என்றால் ஜல்லிக்கட்டுதான். கட்டில், பீரோ, அண்டா, பெரிய இடமென்றால் பைக்கும் காரும். குலுக்கலில் பொருள் விழுந்தால் அதற்குரிய வரியைக் கட்டிய பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. இதை எங்கோ கேள்விப்பட்ட காளைக்காரர் ஒருவர் பதறிப்போய் வந்தார். "மாடு ஜெயிச்ச கட்டில மாட்டு பேர்ல காட்டணுமா, எம் பேர்ல காட்டணுமா சார்?" பத்தாயிரத்தைத் தாண்டாத கட்டிலுக்குப் பிடித்தமே கிடையாது, நிம்மதியாகப் படுங்கள் என்று அனுப்பினேன்.

இத்தனைக்கும் எங்கள் மாவட்டத்தின் பெரிய ஆட்டம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அதன் பெயர் சின்ன வெங்காயம். செட்டிகுளம், ஆலத்தூர்ப் பக்கம் போனால் தெரியும். விதை வெங்காயம் வாங்குவதே முதல் பந்தயம். மழை ஒரு நாள் கூடினால் திருகல் நோய். தப்பி வந்ததைக் குச்சி கட்டிக் கீற்று வேய்ந்த பட்டறையில் போட்டுவிட்டு விலைக்காகக் காத்திருக்க வேண்டும். இன்று தள்ளுவதா, வைத்திருப்பதா? வைத்திருந்தால் விலை ஏறலாம். அடியில் அழுகலும் ஏறலாம். 2019 டிசம்பரில் விலை ஏறிய ஏற்றத்தில், விதைக்கு வைத்திருந்த வெங்காயத்தைத் திருடன் தூக்கிப் போனதாகப் பெரம்பலூர் செய்தியில் வந்தது. வேறொரு வருஷம் பறிகூலிக்கே கட்டாமல் வயலிலேயே விட்டவர்களும் உண்டு.

அப்படிப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர் போன மாதம் வந்தார். லாட்டரிக்கு 30, ரம்மிக்கு 30, கோவாக் கப்பலில் பந்தயத்துக்கு 28 ஆக இருந்த ஜிஎஸ்டி இப்போது 40 என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வெங்காயத்துல லாபம் வந்தா எவ்வளவு தம்பி பிடிப்பாங்க?"

"ஒரு பைசா கிடையாது சித்தப்பா. விவசாய வருமானம். கோடி ரூபா வந்தாலும் வரி இல்ல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப கவருமெண்டுக்கு வெங்காயத்தப் பத்தி எல்லா விவரமும் தெரிஞ்சிருக்கு."