பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கையெழுத்து

கேள்வி: தலைவர்கள் சந்திப்பில் எடுத்த படம், அதில் அவர்கள் கையெழுத்து. இதைச் சேகரிப்பதற்கு ஏன் இத்தனை மவுசு?

பதில்: அதன் மகிமை தெரியாமல் கேட்கிறீர்கள்! 1978 செப்டம்பர் 17, அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேல்–எகிப்து அமைதிப் பேச்சு. ஜெருசலேம் தகராறில் இஸ்ரேல் பிரதமர் பெகின் மூட்டை கட்டத் தயாராகிவிட்டார். அவரும் எகிப்து அதிபர் சதாத்தும் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் சேர்ந்திருக்கும் படங்களில் சதாத் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். கார்ட்டரோ ஒவ்வொன்றிலும் பெகினின் ஒரு பேரப்பிள்ளையின் பெயரையும் சேர்த்தெழுதி, தானே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பெயர்களை வாசித்த தாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவே உடன்பாடு கையெழுத்தானது. (13 நாள் மல்லுக்கட்டிய அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும்!)

இப்படிப்பட்ட படம் வாங்கப் போகிறீர்களா? எச்சரிக்கை: அமெரிக்க அதிபர் கென்னடி காலத்திலேயே கையெழுத்துப் போட எந்திரம் இருந்தது. இரண்டு படங்களில் கையெழுத்து இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால், அது எந்திரத்தின் வேலையாக இருக்கலாம்; பர்ஸை மூடிவிடுங்கள்.