கொப்பி அப்பா

ஏப்ரல் லீவுக்குக் கொழும்பிலிருந்து மலைக்கு ஏறி வருகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். முதுகில் பை, கையில் குடை, கக்கத்தில் பிள்ளையின் சீஆர் கொப்பி. பல் துலக்கும் பிரஷை மறந்தாலும் மறப்பார், கம் போத்தலை மறக்கமாட்டார். கொப்பியின் முகப்பில் ‘எனது விடுமுறைப் புத்தகம்’ என்று பிள்ளையின் கோணல் எழுத்தில் இருக்கும். உள்ளே போகப் போகப் பிள்ளையின் பங்கு குறைந்துகொண்டே வரும்.

யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. இப்போது வீட்டுக்கு வீடு ஒருவர் இருக்கிறார். நான் கிட்ட இருந்து கவனிக்கக் கிடைத்தவர் எங்கள் அம்மாவின் மூத்த மகன். அதற்கு மேல் அடையாளம் சொல்வது நாகரிகம் இல்லை.

கூத்து அட்டன் ஸ்டேஷனிலேயே ஆரம்பமாகிவிடும். மூன்றாம் வகுப்பு டிக்கட் தடித்த சின்ன அட்டை. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். இவர் கொடுக்கமாட்டார். “மக புத்தகத்துல ஒட்டணும் சேர்.” பின்னால் மூட்டை முடிச்சோடு சனம் நெருக்குகிறது. டிக்கட் வாங்குகிறவர் பொறுமைசாலி, நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் அந்த எட்டு வயதுப் பிள்ளைதான் அப்பாவின் விரல்களைப் பிரித்து டிக்கட்டை எடுத்துக் கொடுத்தாள். கொப்பியில் டிக்கட்டுக்கு விட்ட இடத்தில் இவர் கட்டம் போட்டு, ‘புகையிரதப் பாதை அட்டனை வந்தடைந்தது 1884. நானுஓயாவை அடைந்தது 1885’ என்று எழுதி வைத்தார்.

பிள்ளை அதற்கு முன்பே தன் பயணத்தை எழுதி முடித்திருந்தாள். ‘கடுகண்ணாவையில் ரயில் சுரங்கத்துக்குள் போனது. எல்லாரும் கூ என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அப்பாவும் கத்தினார்.’ கடைசி வாக்கியத்தின் மேல் நேர்க்கோடு ஒன்று ஓடுகிறது. அடிமட்டம் வைத்து அடித்திருக்கிறார்.

இந்தத் திருத்தம்தான் இவருடைய சீவன். நுவரெலியாவில் லீக்ஸ் விலை பேசுவது, உச்சி வெயிலிலும் கழற்றாத குரங்குத் தொப்பி, இதெல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றை யாரும் செய்வார்கள். பிள்ளை கண்டதை வாங்கி, அவள் கண்டிருக்க வேண்டியதாக மாற்றிக் கொடுக்க இவரால்தான் முடியும்.

‘ஏரிக்கரையில் குதிரை சாணி போட்டது. தம்பி மிதித்தான்.’ இது பிள்ளை. ‘ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி ஏரியின் அழகில் மெய்ம்மறந்தோம்.’ இது அப்பா. ‘போஸ்ட் ஆபீஸ் முன்னால் அம்மாவும் அப்பாவும் சண்டை பிடித்தார்கள்’ என்ற இடத்தில், செங்கல்லால் கட்டிய அந்தத் தபாலகத்தின் வயது 1894இலிருந்து கணக்கிடப்பட்டிருக்கிறது. ஹக்கல பூங்காவில் பிள்ளை ஒரு பூனையோடு விளையாடினாளாம். பூனை போய்விட்டது, 1861 வந்திருக்கிறது. சிங்கோனா பயிரிட ஆரம்பித்த தோட்டம் என்ற விவரமும் வந்திருக்கிறது. சிங்கோனா என்றால் என்ன என்று பிள்ளையிடம் கேட்டேன். “அது அப்பாவோட பக்கம் அத்தை” என்றாள்.

எல்லாவற்றிலும் உச்சம் டெவன் நீர்வீழ்ச்சி. தலவாக்கலைப் பாதையில் வானை நிறுத்தினோம். புகார் மூடி, எதிரே வெள்ளைச் சீலை கட்டின மாதிரி இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதா, ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டதா என்பதிலேயே எங்களுக்குள் இரண்டு கட்சி. ஆளுக்கொரு சுருள் கடலை வாங்கிக்கொண்டு வானில் ஏறினோம். பிள்ளை அன்று இரவு எழுதினாள்: ‘டெவன் தெரியவில்லை. கடலை உறைப்பு.’ எனக்கு அதில் திருத்த ஒன்றும் படவில்லை. அண்ணன் பார்த்தார், பேனையைத் திறந்தார். ‘97 மீட்டர் உயரத்திலிருந்து பாயும் டெவன் நீர்வீழ்ச்சி கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.’

“நம்ம அதப் பாக்கவே இல்லையேப்பா?”

“இப்ப பாக்கலம்மா. பெரிசானப்புறம் வாசிக்கிறப்ப பாத்த மாதிரியே இருக்கும்.”

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷனின் உழைப்பு பெரிது. எல்லாரும் படுத்த பிறகு, குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பெரணி இலையை ஒட்டிவிட்டு அது காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருப்பார். அவருடைய எட்டு வயதில் லீவு என்றால், அம்மா நிற்கும் மலைக்குத் தேத்தண்ணிப் போத்தலும் ரொட்டியும் கொண்டுபோவது. அதற்கு யார் டிக்கட் தருவார்கள், எதை ஒட்டுவது? தன் மகளுக்காவது வருஷமும் உயரமும் போட்ட லீவு கிடைக்கட்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. இதை நினைத்து நானே இரண்டு தரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் தரம் கொடுக்காததற்குக் காரணம் அந்த நடுப்பக்கம்.

பிள்ளை அதில் அப்பாயி வீட்டை வரைந்திருந்தாள். நீளமான ஒரே தகரக் கூரை, கீழே வரிசையாக ஆறு கதவு. நாலாவது கதவில் அப்பாயி, தலையில் துண்டோடு. ஒழுகும் இடத்தில் ஒரு வாளி, வாளிக்குள் நீலத்தில் மூன்று புள்ளி. பக்கத்துக் காம்பராவின் நாய்க்கு ஐந்து கால் வந்துவிட்டது, அது வேறு விஷயம். லயத்தை இவ்வளவு சரியாக வரைந்த படம் நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அதன்மேல் வழவழப்பான வர்ணப் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. எங்கோ விளம்பரப் புத்தகத்தில் வெட்டியது. புல்வெளி, ரோஜாச் செடி, புகைபோக்கி வைத்த துரை பங்களா. கீழே, ‘1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்.’

டெய்லர் இருக்கட்டும். அவர் வேலையை அவர் செய்தார். முப்பது வருஷத்துக்கு மேல் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்த மனுஷி, அதே வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து இவருக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தக் கொப்பியில் ஒரு வரி இல்லை. நம் சனம் வந்து 200 வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அன்றைக்கு முகநூலில் கண்ணீர் வர எழுதியவரும் இவர்தான். ஊருக்கு லயத்தைப் பற்றி எழுத முடிகிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் புரட்டும் கொப்பியில் லயம் இருக்கக் கூடாது. எனக்கு இது பிடிக்கவில்லை. பகிடிக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே பிடிக்கவில்லை.

“அண்ணே, அதப் பிரிச்சிடு” என்றேன்.

“பிரிச்சா பக்கம் கிழிஞ்சிரும்” என்றார். அதுவும் நல்ல கம்.

கொப்பி இப்போது கொழும்பில், வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் அது வருகிறது. போன மாதம் நான் போயிருந்தபோது அண்ணியின் சிநேகிதி ஒருவர் புரட்டிக்கொண்டே, “அப்பாயி வீடு எதும்மா?” என்று கேட்டார். பிள்ளை யோசிக்கவே இல்லை. புகைபோக்கி வைத்த பங்களாவில் விரலை வைத்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார்.

அட்டனுக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“அம்மாம் பெரிய வீடா?” என்றார் அம்மா. “அப்ப அடுத்த லீவுக்கு அவனுங்கள அங்கயே தங்கச் சொல்லு. இங்க வாளி வைக்கவே எடம் பத்தல.”